டிப்ளமோ இன்ஸ்ட்ருமென்டேஷன் முடிச்சாச்சு: பிஎல்சி கோர்ஸா, அனலைசர் பக்கமா?

சாயல்குடிதம்பி

அண்ணன்மாரே அக்காமாரே வணக்கம். டிப்ளமோ இன்ஸ்ட்ருமென்டேஷன் அண்ட் கன்ட்ரோல் முடிச்சுட்டு வீட்ல இருக்கேன். அப்பாவுக்கு வாலிநோக்கம் பக்கம் உப்பளத்துல வேலை. கூடப் படிச்ச பயலுக பாதிப்பேரு சென்னையில பிஎல்சி ஸ்காடா (மெஷின ஓட்டுற கன்ட்ரோலர், அதை திரையில பாக்குற சாஃப்ட்வேர்) கோர்ஸ்னு சேந்துட்டாய்ங்க, பீஸ கேட்டா நமக்கு கட்டுப்படியாகாது, ஆனா போன் பண்ணிப் பண்ணி சேந்தா வேலை கன்ஃபார்ம்ங்கிறாங்க. சவுதி ஜுபைல்ல இருக்க மாமா, எக்ஸ்பீரியன்ஸ் இல்லாம வராத, வந்தா ஹெல்ப்பராத்தான் நிக்கணும்ங்கிறாரு. நம்ம கடக்கரைய சுத்தி இருந்துக்கிட்டே இந்த லைன்ல ஏதாச்சும் கத்துக்க வழி இருக்கா? அனலைசர்னு தனி பிரிவே இருக்குன்னு சொல்றாங்க, காலேஜ்ல ஒரு பேப்பரா படிச்சதோட சரி. அதுல வேலை எப்படி இருக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வழுதூர்க்காரன்

தம்பி, இதைப் படிச்சு முடிக்கிற வரைக்கும் எங்கயும் பீஸ் கட்டிராத.

நான் கேஸ் லைன்லயும் பவர் பிளாண்ட்லயும் அனலைசர் வேலை பாத்தவன், அதனால என் பேச்சு அந்தப் பக்கம் சாயும், தெரிஞ்சுக்கிட்டே படி. பிளாண்ட்ல நீ பாக்கப்போற கருவி ரெண்டு ஜாதி. பிரஷர், லெவல், ஃப்ளோ, டெம்பரேச்சர் இதெல்லாம் ஒண்ணு, பைப்புக்குள்ள எவ்வளவு இருக்கு, எம்புட்டு சூடா இருக்குன்னு சொல்லும். அனலைசர் அடுத்த ஜாதி, உள்ள இருக்கிறது என்ன, அதுல எது எத்தனை பிபிஎம்னு (பத்து லட்சத்துல எத்தனை பங்கு) சொல்லும். முத ஜாதிக்கு ஆள் நிறைய இருக்காங்க, டிரான்ஸ்மிட்டர் (அளவ சிக்னலா அனுப்புற கருவி) கழட்டி மாட்டி ஹார்ட் கம்யூனிகேட்டர்ங்கிற கைக்கருவியில ரேஞ்ச் போடுறத சூட்டிகையான பையன் சீக்கிரமே புடிச்சுக்குவான். ரெண்டாவதுக்கு ஆள் கிடைக்கிறது எப்பவுமே கஷ்டம், ஏன்னா அதுல பாதி எலக்ட்ரானிக்ஸ், பாதி கெமிஸ்ட்ரி, அதுக்கும் மேல பொறுமை வேணும்.

நான் பாத்த வரைக்கும் அனலைசர் கம்ப்ளைன்ட்டுல பெரும்பகுதி அனலைசர்ல இருக்கவே இருக்காது. சாம்பிள் லைன்லதான் இருக்கும். ஃபில்டர் அடைச்சிருக்கும், லைன்ல தண்ணி கட்டியிருக்கும், இல்லன்னா சாம்பிள் வந்து சேர்றதுக்குள்ள பிராசஸ் எங்கயோ போயிருக்கும். ஒரு கணக்கு போட்டுப் பாரு. உள் விட்டம் 4 மில்லிமீட்டர் டியூபிங், 50 மீட்டர் நீளம். உள்ள இருக்க இடம் 628 மில்லி வரும். கேஸ் காத்தழுத்தத்துல நிமிஷத்துக்கு 1 லிட்டர் ஓடுனா 38 செகண்ட்ல அனலைசருக்கு வந்துரும். அதே லைன 10 பார் அப்சலூட்ல வச்சுக்கிட்டு கடைசியில அதே 1 லிட்டரை மட்டும் விட்டா, உள்ள பத்து மடங்கு கேஸ் அமுங்கி நிக்கிறதால ஆறு நிமிஷத்துக்கு மேல ஆயிரும். அந்த ஆறு நிமிஷமும் கன்ட்ரோல் ரூம்ல இருக்கவன் பழைய நம்பரத்தான் பாத்துக்கிட்டு இருப்பான். அதனாலதான் பிரஷர் ரெகுலேட்டரை அனலைசர்கிட்ட வைக்காம பிரோப்கிட்டயே (பைப்புல இருந்து சாம்பிள் எடுக்கிற முனை) வைக்கிறாங்க, கூடவே ஃபாஸ்ட் லூப் (சாம்பிள வேகமா ஓடவிட்டு மிச்சத்த திருப்பி அனுப்புற லைன்) போடுறாங்க. இந்தக் கணக்க இன்டர்வியூல பேப்பர்ல போட்டுக் காட்டுற பையன நான் சர்டிபிகேட் கேக்காமலே எடுத்துக்குவேன்.

நம்ம ஊரச் சுத்தி என்ன இருக்குன்னு கேட்ட. ராமநாதபுரம் பக்கத்துல ஓஎன்ஜிசி கேஸ் கிணறுக இருக்கு, அந்த கேஸ்லதான் வழுதூர்ல 187 மெகாவாட் கேஸ் டர்பைன் நிலையம் இருக்கு. கேஸ் கைமாறுற இடத்துல கேஸ் குரோமட்டோகிராஃப் நிக்கும், மீத்தேன் எவ்வளவு, ஈத்தேன் எவ்வளவு, நைட்ரஜன் எவ்வளவுன்னு பிரிச்சு கலோரிஃபிக் வேல்யூ, அதான் எரிச்சா எவ்வளவு வெப்பம் வரும்னு கணக்கு போடும். பில்லு எம்எம்பிடியூங்கிற வெப்பக் கணக்குல போறதால அந்த ஒரு பெட்டி தப்பா சொன்னா யாரோ ஒருத்தருக்கு பணம் போகுதுன்னு அர்த்தம். கம்பைண்ட் சைக்கிள் பிளாண்ட்னா கொதிகலன் உண்டு, கொதிகலன் இருந்தா ஸ்வாஸ் பேனல் உண்டு, அதான் நீராவியையும் தண்ணியையும் ஆராயுற செட்டு. பெரிய பிளாண்ட்ல சிலிக்கா 20 பிபிபிக்கு (நூறு கோடியில 20 பங்கு) கீழ, கேட்டயான் கண்டக்டிவிட்டி (உப்பு கசிவ காட்டுற மின்கடத்து அளவு) 0.2 மைக்ரோசீமன்ஸ்க்கு கீழன்னு வச்சுக்குவாங்க. கடல்தண்ணி கண்டக்டிவிட்டி 50 ஆயிரம் மைக்ரோசீமன்ஸ் சுத்தி. கடல்தண்ணியில குளிருற கண்டன்சர்ல ஒரு ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் இந்த மீட்டர்தான் முதல்ல கத்தும்.

உப்பூர் அனல்மின் திட்டத்த நம்பி உக்காராத. 2 யூனிட் 800 மெகாவாட்னு ஆரம்பிச்சு பாதியில நின்னது. கமுதி சோலார் 648 மெகாவாட் பெருசுதான், ஆனா அதுல நம்ம ஜாதி வேலை கம்மி. தூத்துக்குடிய உன் வீட்டுத் திண்ணைன்னு நினைச்சுக்க, ஈசிஆர்ல பஸ் ஏறுனா போயிரலாம். 5 யூனிட் 210 மெகாவாட் அனல்மின் நிலையம், உரம், கெமிக்கல்னு அங்க உன் படிப்புக்கு வேலை இருக்கு.

லேடர்லாஜிக்

அண்ணன் சொன்னதுல பாதிக்கு மேல சரி, ஆனா பையன ஒரே பக்கமா தள்ளாதீங்கன்னு கேட்டுக்கிறேன். நான் திருவாடானைக்காரன், ஒரகடம் பக்கம் ஆட்டோமேஷன்ல இருக்கேன். பிஎல்சி கத்தவனுக்கு கார் கம்பெனி, மருந்து, டயர், பேக்கிங், தண்ணி சுத்திகரிப்புன்னு கதவு நிறைய. அனலைசர்காரனுக்கு பெரிய பிளாண்ட் இருக்க ஊர்தான் ஊரு.

ஆனா கோர்ஸ் விசயத்துல நானும் அவர் கட்சிதான். பிஎல்சி கத்துக்க லட்சக்கணக்குல கட்ட வேணாம். சில பிராண்டுகளோட சாஃப்ட்வேரே ஃப்ரீயா கிடைக்குது, சிமுலேட்டர்ல லேடர் (பிஎல்சி புரோகிராம்) போட்டுப் பழகு, டைமர், கவுண்டர், இன்டர்லாக், அலாரம் இதெல்லாம் கைக்கு வரணும். 1979ல மோடிகான் கம்பெனி கொண்டுவந்த மாட்பஸ் (கருவிக ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற முறை) இன்னும் எல்லா பிளாண்ட்லயும் ஓடுது, அதை மட்டும் முழுசா புரிஞ்சுக்கிட்டாலே எந்த அனலைசரையும் எந்த சிஸ்டத்தோடயும் பேச வச்சுருவ. பிஐடி டியூனிங்குக்கு (கன்ட்ரோலரை சரியா செட் பண்றது) சீக்லர் நிக்கல்ஸ் முறை 1942ல வந்தது, காலேஜ்ல படிச்சிருப்ப. ஆனா ஃபீல்டுல ஒரு லூப் (அளந்து பாத்து வால்வ திருத்துற சுத்து) ஆடிக்கிட்டே இருந்தா உடனே கெயின்ல கை வைக்காத. முதல்ல கன்ட்ரோலரை மேனுவல்ல போடு. ஆட்டம் நின்னுச்சுன்னா வால்வு ஒட்டுதான்னு பாரு, நிக்கலன்னா தொந்தரவு வேற எங்கயோ இருந்து வருது. இது எந்த கோர்ஸ்லயும் சொல்லித்தர மாட்றாங்க, எனக்கு ரொம்ப வருத்தம் அது.

கீழக்கரை_காக்கா

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். தம்பி, உங்க மாமா சொன்னது நூத்துக்கு நூறு சரி. வளைகுடாவுல ரிஃபைனரி ஷட்டவுனுக்கு (பராமரிப்புக்கு பிளாண்ட நிறுத்துற நேரம்) ஆள் எடுக்கும்போது கான்ட்ராக்டர் உங்களை ஓகே பண்ணா பத்தாது, கிளையண்ட் கம்பெனி தனியா இன்டர்வியூ வைப்பான். அதுல எந்த இன்ஸ்டிடியூட்ல படிச்சன்னு கேக்கமாட்டான். பிடி 100ங்கிற வெப்ப சென்சார், 100 டிகிரியில எத்தனை ஓம்னு கேப்பான், 138.5 சொல்லணும், எதுக்கு மூணு வயர்னும் சொல்லணும். 4ல இருந்து 20 வரைக்கும் போற சிக்னல்ல 12 மில்லிஆம்ப் வந்தா எத்தனை சதவீதம், சிக்னல் ஏன் சைபர்ல ஆரம்பிக்காம 4ல ஆரம்பிக்குது, 3.6க்கு கீழ போனா என்ன அர்த்தம்னு கேப்பான். கொதிகலன் டிரம் லெவலுக்கு வெட் லெக் (தண்ணி நிரப்பி வச்ச ஒப்பீட்டு பைப்) ஏன், சாம்பிள் லைன்ல ஹீட் டிரேசிங் (பைப்ப சூடா வச்சிருக்கிற ஏற்பாடு) எதுக்கு, பிஎச் எலக்ட்ரோடு 25 டிகிரியில ஒரு பிஎச்சுக்கு எத்தனை மில்லிவோல்ட் கொடுக்கும் (59.16), எல்லாம் கேப்பான். வேலை பாத்த பையன் யோசிக்காம சொல்லிருவான், மனப்பாடம் பண்ணவன் ரெண்டாவது கேள்வியில திணறிருவான்.

ஏஜென்ட் விசயம். நம்ம கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கம் இதுல காசு விட்ட குடும்பம் எத்தனையோ. ரிக்ரூட்டிங் ஏஜென்ட்னா மத்திய அரசோட இ-மைக்ரேட் தளத்துல பதிவு நம்பர் இருக்கணும், அவங்க வாங்கலாம்ங்கிற சர்வீஸ் சார்ஜ் 30,000 ரூபாயும் அதுக்கு ஜிஎஸ்டியும்தான். அதுக்கு மேல கேட்டா எழுந்து வந்துருங்க. விசிட் விசாவுல போயி அங்க மாத்திக்கலாம்னு சொல்றவன் உங்க மாமாவே ஆனாலும் கேக்காதீங்க.

இன்னொண்ணு, ஹைட்ரஜன் சல்ஃபைடு பத்தி இப்பவே படிச்சு வச்சுக்கங்க. அழுகுன முட்டை நாத்தம் வந்தா தெரிஞ்சிரும்னு நினைக்கக்கூடாது, 100 பிபிஎம் அளவுக்குப் போனா மூக்கு மரத்துப் போயிரும், நாத்தமே தெரியாது. அனலைசர் ஷெல்ட்டர்ல நைட்ரஜன் லீக் ஆனா அதுக்கு நாத்தமே கிடையாது, ஆக்சிஜன் குறைஞ்சு ஆள் விழுந்துருவான். கதவுகிட்ட இருக்க ஆக்சிஜன் மீட்டரைப் பாக்காம உள்ள காலு வைக்கக்கூடாது. எத்தனை பெரிய இன்ஜினியர் கூப்பிட்டாலும் சரி.

சாயல்குடிதம்பி

காக்கா, அண்ணே, ரொம்ப நன்றி. வெட் லெக் படிச்சிருக்கேன் ஆனா ஏன்னு கேட்டா சொல்லத் தெரியாது, இன்னைக்கே பாக்குறேன். உப்பளத்துல ஏதாச்சும் கத்துக்க இருக்கா? அப்பா கூட போய்ட்டு வரலாம்.

வழுதூர்க்காரன்

நல்லா கேட்ட. அப்பா பாமே மீட்டரை உப்புத்தண்ணியில மிதக்க விட்டு டிகிரி பாப்பாருல்ல, அது அனலைசர்தான்யா. கடல்தண்ணி 3 டிகிரி சுத்தி வரும், வெயில்ல சுண்டச் சுண்ட ஏறும், முதல்ல ஜிப்சம் இறங்கும், 25 டிகிரியில உப்பு விழ ஆரம்பிக்கும், 29, 30 போறதுக்குள்ள மிச்சத்தண்ணிய வெளியேத்தணும், இல்லாட்டி மெக்னீசியம் உப்பும் சேந்து விழுந்து கசக்கும். அடர்த்திய வச்சு உள்ள என்ன நடக்குதுன்னு கண்டுபிடிக்கிறாரு. காலையில ஒருக்கா மத்தியானம் ஒருக்கா அதே தண்ணியில அளந்து, கூடவே தெர்மாமீட்டர் வச்சு சூட்டையும் எழுது. வெயில் ஏற ஏற ரீடிங் எப்படி நகருதுன்னு நீயே பாப்ப, டெம்பரேச்சர் காம்பன்சேஷன்னா என்னன்னு அப்புறம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல.

அயோடின் கலக்குற இடத்துல லேப் இருந்தா அதையும் பாரு. பொட்டாசியம் அயோடேட் கலந்த உப்ப கரைச்சு தயோசல்ஃபேட்ல டைட்ரேட் பண்ணுவாங்க, ஸ்டார்ச்சோட நீலம் மறையுற இடத்துல நிறுத்தி பிபிஎம் கணக்கு போடுவாங்க. கையால டைட்ரேஷன் பண்ணத் தெரிஞ்சவனுக்குத்தான் ஆன்லைன் டைட்ரேட்டர் எப்ப பொய் சொல்லுதுன்னு தெரியும்.

மண்டபம்_அக்கா

இதுவரைக்கும் பேசுனவங்க எல்லாம் ஆம்பளப் பிள்ளைகளாவே இருக்கீங்க, அதனால நான் கொஞ்சம் நீட்டிக்கிறேன். நான் பிஎஸ்சி கெமிஸ்ட்ரி. இறால் ஏற்றுமதி பண்ற ஒரு யூனிட்ல க்யூசி (தரம் பாக்குற) லேப்ல ஆரம்பிச்சேன், இப்ப தண்ணி அனலைசர் சர்வீஸ்ல இருக்கேன். டிப்ளமோ இல்லாதவங்களும் இந்த லைனுக்கு வரலாம்ங்கிறதுக்காக சொல்றேன், முக்கியமா கெமிஸ்ட்ரி படிச்ச நம்ம ஊரு பொண்ணுங்க டீச்சர் வேலை இல்லன்னா வீடுன்னு நினைச்சுராதீங்க.

இறால் கன்டெய்னர் ஐரோப்பாவுக்கு போகணும்னா குளோராம்ஃபெனிகால்ங்கிற மருந்து மிச்சம் இருக்கான்னு பாக்கணும். முன்னாடி 0.3 பிபிபி, 2022 நவம்பர்ல இருந்து 0.15 பிபிபின்னு இறுக்கிட்டாங்க. இந்த அளவுக்கு மருந்து மிச்சத்த பிரிச்சு அளக்குற எல்சிஎம்எஸ் மெஷினெல்லாம் பெரிய லேப்லதான் இருக்கும், அதை ஓட்டத் தெரிஞ்ச ஆளுக்கு மருந்து கம்பெனியிலயும் இடம் உண்டு. சின்ன யூனிட்லயே கத்துக்க நிறைய இருக்கு. ஐஸ் பிளாண்ட்ல அமோனியா கம்ப்ரசர், அதுக்கு லீக் டிடெக்டர், குளோரின் அளவு, கோல்டு ஸ்டோரேஜ்ல மைனஸ் 18க்கு கீழ ரெக்கார்டிங். அந்த ரெக்கார்டிங்க ஆடிட்டர் ஒருத்தர் மறுபடி மறுபடி கேள்வி கேட்டதுலதான் காலிபரேஷன் டிரேசபிலிட்டின்னா என்னன்னு எனக்கு விளங்குச்சு. உன் தெர்மாமீட்டரை எதோட ஒப்பிட்ட, அதை எதோட ஒப்பிட்டாங்க, இப்படியே மேல மேல தேசிய தரம் வரைக்கும் சங்கிலி அறாம போகணும்.

ஆர்ஓ (மெம்பிரேன் வழியா அமுக்கி உப்புத்தண்ணிய நல்லதண்ணியாக்குறது) பத்தி யாரும் சொல்லலையே. நம்ம மாவட்டத்துல நரிப்பையூர்லயே 1990கள் கடைசியில கடல்தண்ணி ஆர்ஓ போட்டாங்க, சென்னையில மீஞ்சூர், நெம்மேலி ரெண்டும் ஆரம்பிச்சப்ப ஒவ்வொண்ணும் நாளைக்கு 10 கோடி லிட்டர். இன்னும் வரப்போறதும் இதுதான். ஆர்ஓவுல அழகான கன்ட்ரோல் ஒண்ணு இருக்கு. கடல்தண்ணியில பாசி புடிக்காம இருக்க குளோரின் போடுவோம், ஆனா பாலிஅமைடு மெம்பிரேனுக்கு குளோரின் ஆகாது, தின்னுரும். அதனால மெம்பிரேனுக்கு முன்னாடி சோடியம் மெட்டாபைசல்ஃபைட் போட்டு குளோரின முறிக்கணும், முறிஞ்சுச்சான்னு ஓஆர்பி மீட்டர் (குளோரின் மாதிரி ஆக்சிஜனேற்றி இருந்தா ஏறிக் காட்டுற கருவி) பாக்கும், ஏறுச்சுன்னா ஹை பிரஷர் பம்ப்ப டிரிப் பண்ணும். ஒரு எலக்ட்ரோடு அழுக்கா இருந்தா அம்புட்டு மெம்பிரேனும் போச்சு. அதை துடைக்கிற வேலைதான் எனக்கு, அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நைட் ஷிப்ட் பொண்ணுங்களுக்கு சட்டமே தடைன்னு இன்னும் சில ஹெச்ஆர் சொல்றாங்க. அந்தப் பிரிவ 2000லயே மெட்ராஸ் ஐகோர்ட் ரத்து பண்ணிருச்சு. பாதுகாப்பு, வண்டி, ஓய்வறை கேளுங்க, அது உங்க உரிமை.

தொண்டி_வலை

நான் இந்தத் தொழில் இல்ல, கடலுக்குப் போறவன். மகன் பாலிடெக்னிக்ல இதே குரூப் படிக்கிறான்னு வாசிச்சுக்கிட்டு வந்தேன். நீங்க எல்லாரும் பிளாண்ட் வந்தா வேலைன்னு பேசுறீங்க, எனக்கு பிளாண்ட்னாலே வெந்நீரும் கழிவும் கடலுக்கு வரும்ங்கிற பயம்தான் முதல்ல. மன்னார் வளைகுடாவுல 21 தீவு, பவளப்பாறை, கடல்புல்லு, அதை நம்பித்தான் நண்டும் இறாலும் எங்க கஞ்சியும். என் மகன் அங்க போய் நிக்கிறது சரியான்னு மனசு கேக்குது.

வழுதூர்க்காரன்

அண்ணே, நீங்க கேட்டதுதான் இங்க எல்லாருக்கும் மேல முக்கியமான கேள்வி.

2014ல மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 17 வகை தொழிற்சாலைக்கு, புகைபோக்கியிலயும் கழிவுநீர் வெளியேறுற இடத்துலயும் ஆன்லைன் அனலைசர் வச்சு நேரடியா டேட்டா அனுப்பணும்னு உத்தரவு போட்டுச்சு. சல்ஃபர் டைஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு, தூசி, கழிவுநீர்ல பிஎச், சிஓடி, பிஓடி (கழிவு சிதைய எவ்வளவு ஆக்சிஜன் வேணும்னு காட்டுற அளவுக). அந்த மீட்டரை பராமரிக்கிறது உங்க மகன் மாதிரி பசங்கதான். பைப்பு வாயில நிக்கிற மீட்டர் சரியா இருந்தா கடலுக்கு எது போகுதுன்னு வாரியத்துக்குத் தெரியும். அதுல தில்லுமுல்லு பண்ணா வலையில மீன் குறையுற வரைக்கும் யாருக்கும் தெரியாது.

இதை படிக்கிற சின்னப் பசங்களுக்கும் சொல்றேன். எங்கயாச்சும் ஒருநாள் மேல இருக்கவன் வந்து ரீடிங் லிமிட்டுக்கு மேல போகுது, காலிபரேஷன் ஃபேக்டரை கொஞ்சம் தட்டி விடும்பான். இல்லன்னா பிரோப்ப நல்லதண்ணி பக்கெட்ல போட்டு வைன்னுவான். எனக்கும் ஒரு இடத்துல சொன்னாங்க, காலிபரேஷன் ரெக்கார்டுல நான் பாத்த நம்பர மட்டும்தான் எழுதுவேன்னு சொன்னேன், பாக்கெட் டைரியிலயும் குறிச்சு வச்சேன், அங்க ரொம்ப காலம் இருக்க முடியல. அடுத்த வேலை கிடைச்சுச்சு. அனலைசர்காரன்கிட்ட இருக்க ஒரே சொத்து அவன் எழுதுன நம்பர நம்பலாம்ங்கிற பேருதான், அது போச்சுன்னா எந்த நல்ல பிளாண்ட்லயும் எடுக்க மாட்டாங்க. உங்க மகன தாராளமா அனுப்புங்கண்ணே. கடல் தெரிஞ்ச வீட்டுப் பையன் அந்த மீட்டர்கிட்ட நிக்கணும்னு நான் ஆசப்படுறேன்.

தொண்டி_வலை

சரிப்பா. இதை அவன்ட்ட படிச்சுக் காட்டுறேன்.

பரமக்குடி_ஐடிஐ

ஐடிஐயில சொல்லிக்கொடுக்கிறவன் பேசுறேன். பணம் கட்டாம உள்ள போற வழி அப்ரண்டிஸ்தான், இதை ஏன் இவ்வளவு நேரம் யாரும் சொல்லலன்னு தெரியல. 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி பெரிய நிறுவனங்க ஆள் எடுத்தே ஆகணும். டிப்ளமோவுக்கும் இன்ஜினியரிங்குக்கும் நாட்ஸ்ங்கிற மத்திய அரசு அப்ரண்டிஸ் போர்ட்டல், தெற்கு மண்டல ஆபீஸ் சென்னை தரமணியில. ஐடிஐ பசங்களுக்கு வேற போர்ட்டல், இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக், கெமிக்கல் பிளாண்ட் ஆபரேட்டர்னு டிரேடே இருக்கு. ஸ்டைபண்ட் கம்மிதான், ஆனா நிஜ பிளாண்ட்ல ஒரு வருசம், நிஜ ஷட்டவுன் பாப்ப. தூத்துக்குடி, கூடங்குளம், திருச்சி, நெய்வேலி, மணலி, எங்க அறிவிப்பு வந்தாலும் போடு. தூரம் பாக்காத.

அப்ரண்டிஸ்ல சேந்ததும் பசங்க எல்லாரும் கன்ட்ரோல் ரூம் ஏசியில உக்கார ஆசப்படுறாங்க. நீ முதல் ஆறு மாசம் ஃபீல்டு கேளு. டியூபிங் வளைக்க, ஃபெரூல் (டியூப் மூட்டுல மாட்டுற வளையம்) இறுக்க, லீக் டெஸ்ட் பண்ண, கேபிள் கிளாண்ட் போடக் கத்துக்க. கடக்கரை பிளாண்ட்ல கச்சான் காத்து உப்பத் தூக்கிக்கிட்டு வந்து எல்லாத்துலயும் அப்பிரும், 304 ஸ்டீல்ல சீக்கிரம் துருப்புள்ளி விழும், 316 கூட கிளாம்ப்புக்கு அடியில உப்பு தங்குனா அரிக்கும். உள்நாட்டுல வேலை பாத்தவனுக்கு இது தெரியாது, உனக்கு சின்ன வயசுல இருந்தே தெரியும்.

காரைக்குடியில சிக்ரி இருக்கு, 1948ல ஆரம்பிச்ச மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். பிஎச், ஓஆர்பி, கரைஞ்ச ஆக்சிஜன், துரு, எல்லாத்துக்கும் அடிப்படை அங்க பண்ற படிப்புதான். பொதுமக்கள் பாக்க கதவு தொறக்குற நாள்ல ஒருதரம் போயிட்டு வா.

லேடர்லாஜிக்

அப்ரண்டிஸ் நூறு சதம் சரி. ராத்திரி ரூமுக்கு வந்து பிஎல்சி சிமுலேட்டர் பழகு, ரெண்டும் கையில இருக்கும். அனலைசரும் தெரிஞ்சு மாட்பஸ் மேப்பும் போடத் தெரிஞ்ச ஆளத்தான் எங்க சைட்ல தேடிக்கிட்டே இருக்கோம், கிடைக்க மாட்றான்.

சாயல்குடிதம்பி

நாட்ஸ்ல பதிஞ்சுட்டேன். சென்னை இன்ஸ்டிடியூட் போன் வந்துச்சு, வேணாம்னுட்டேன். பழைய பிஎச் மீட்டர் ஒண்ணு எங்க பாலிடெக்னிக் லேப்ல சும்மா கிடக்கு, சார் எடுத்துப் பழகிக்கன்னு சொல்லிருக்காரு. எலக்ட்ரோடு காஞ்சு போயிருக்கு, டிஸ்டில்ட் வாட்டர்ல ஊறப்போடலாமா?

மண்டபம்_அக்கா

டிஸ்டில்ட் வாட்டர் வேணாம் தம்பி, உள்ள இருக்க உப்பு வெளிய கசிஞ்சு எலக்ட்ரோடு கெட்டுரும். 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசல்ல ராத்திரி பூரா போடு. காலையில முதல்ல 7 பஃபர் (பிஎச் 7லயே நிக்கிற கரைசல்), அங்க சைபர் மில்லிவோல்ட் பக்கம் வரணும். அப்புறம் 4 பஃபர், 177 மில்லிவோல்ட் பக்கம் வரணும். 150க்கு கீழ நின்னா எலக்ட்ரோடு கிழடாயிருச்சு, வேற கேளு. நடுவுல கழுவும்போது துணி வச்சு தேய்க்காத, டிஷ்யூவால ஒத்தி எடு. வர்ற மில்லிவோல்ட்ட இங்க போடு, பாத்து சொல்றேன்.